நிழல் வளவில் ஒஸ்ட்ரிச் பன்னம்: என்ன குறி தெரிந்தால் எங்கே பார்ப்பது

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் வடக்குப் பக்கத்தில் புல் வளராது. கோடையில் காலை வெயில் ஒரு மணித்தியாலம் எட்டிப் பார்க்கும். பிறகு சுவருக்கும் வேலிக்கும் இடையில் நாள் முழுக்க நிழல்தான். மூன்று தரம் புல்விதை தூவினோம், மூன்று தரமும் பாசிதான் வந்தது. அந்த இடத்தில் இப்போது இடுப்பளவு உயரத்துக்கு ஒஸ்ட்ரிச் பன்னம் நிற்கிறது. தமிழ்நாட்டில் பெரணி என்பார்கள், நாங்கள் பள்ளிக்கூடத்தில் பன்னம் என்று படித்தோம். ஓலைகள் தீக்கோழியின் இறகு போல இருப்பதால் இந்தப் பெயர். ஒன்ராறியோவுக்கு இது வந்தேறி இல்லை, இந்த மண்ணின் சொந்தச் செடி. ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில், பனி உருகும் காலத்தில் வெள்ளம் ஏறி வண்டலை விட்டுப்போகிற இடங்களில் கூட்டம் கூட்டமாக நிற்கும்.

அந்த ஆற்றங்கரையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகிற பிழைகளில் பாதி தானாகவே விளங்கும்.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். இந்தச் செடி ஓலை விடுவது நடுவில் இருக்கிற ஒரு கட்டையில் இருந்து. மண்ணோடு மட்டமாக, சில வருடம் போனால் மண்ணுக்கு மேல் சிறு குற்றி போல, கபிலநிறச் செதில் மூடி இருக்கும். அடுத்த வருடத்து ஓலைகளின் மொட்டுகளை அந்தக் கட்டை இந்தக் கோடையிலேயே உருவாக்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. ஆகவே இந்த வருடம் ஓலை குட்டையாக, குறைவாக வந்தால், போன வருடம் ஆடி ஆவணியில் (ஜூலை, ஓகஸ்டில்) அதற்கு என்ன நடந்தது என்று யோசியுங்கள். கனபேர் இன்று கண்ட குறிக்கு இன்று மருந்து தேடுகிறார்கள். பசளை வாங்குகிறார்கள், தோண்டி இடம் மாற்றுகிறார்கள். செடிக்கு அது இரண்டாவது அடி.

எந்தக் குறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். குனிந்து, கட்டையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகி இருந்தால் உயிர் இருக்கிறது. பஞ்சு மாதிரி அமிழ்ந்து கெட்ட மணம் வந்தால் அழுகிவிட்டது. உள்ளே பொள்ளலாகக் காய்ந்து நொறுங்கினால் தண்ணீர் இல்லாமல் போயிருக்கிறது.

நட்டது நட்டபடியே இருக்கிறது, ஒன்றும் முளைக்கவில்லை

வசந்த காலத்தில் கடைகளில் பிளாஸ்ரிக் பையில் மரத்தூளோடு வேர்க்கட்டையாக விற்பார்கள். அதை வாங்கி நட்டவர்களிடம் இருந்துதான் இந்த முறைப்பாடு கூட வருகிறது. அங்கே பிழைகள் மூன்று.

முதலாவது, தலைகீழாக நட்டிருப்பது. காய்ந்த கட்டையில் எது மேல், எது கீழ் என்று தெரியாது என்பது உண்மைதான். கறுப்பாகக் கம்பி போல வேர் நீளும் பக்கம் கீழ். மூடிய கைமுட்டி போல, செதில் போர்த்த சுருள்கள் நெருங்கி இருக்கும் பக்கம் மேல். இரண்டாவது, ஆழமாகப் புதைத்தது. உருளைக்கிழங்கு போல நினைத்து ஒரு சாண் ஆழத்தில் போட்டுவிடுகிறோம். சுருள்களின் நுனி மண்மட்டத்தில் தெரிய வேண்டும். களிமண் வளவில் ஆழமாகப் போன கட்டை, பனி உருகும் தண்ணீரில் ஊறி அழுகிவிடும். மூன்றாவது, அவசரம். ரொறொன்ரோவில் சித்திரை (ஏப்ரல்) கடைசியில் இருந்து வைகாசி (மே) நடுப்பகுதிக்குள்தான் இது எழும்பும், சுவரின் குளிர் நிழலில் இன்னும் பிந்தும். ஜூன் மாதம் பிறக்கும் வரை தோண்டாதீர்கள். கட்டை இறுக்கமாக இருந்தால் மண்ணை ஈரலிப்பாக வைத்துக்கொண்டு காத்திருங்கள். முதல் வருடம் ஒரு முழ உயரத்தில் ஓலை இரண்டே இரண்டு வந்தாலும் அது வெற்றிதான்.

தொட்டியில் வளர்ந்த செடியை வாங்கினால் இந்தக் கவலைகளில் பெரும்பாலானவை இல்லை. விலை கூட, ஆனால் நான் புதியவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

சுருள் எழும்பி, ஒரே இரவில் கறுத்துத் தொங்கிவிட்டது

இது உறைபனி. நோய் இல்லை. வைகாசிப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா டே விடுமுறை வரைக்கும் தக்காளிக் கன்றை வெளியே வைக்காத நாங்கள், பன்னம் மட்டும் குளிரைத் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். கட்டை தாங்கும், மைனஸ் 30 பாகையையும் தாங்கும். விரிகிற இளம் ஓலை தாங்காது. கறுத்ததை வெட்டிவிடுங்கள். கட்டை இரண்டாம் தரம் சில ஓலைகள் விடும். அவை எண்ணிக்கையில் குறைவு, உயரமும் குறைவு. அந்தக் கோடை முழுக்கத் தண்ணீரில் குறை வைக்காவிட்டால் அடுத்த வருடம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வைகாசியில் வானிலை அறிவிப்பில் உறைபனி எச்சரிக்கை வந்தால், மாலையில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்ரிக்கால் மூட வேண்டாம், அது ஓலையில் முட்டும் இடமெல்லாம் கருகும்.

ஜூலையில் ஓரம் கபிலநிறமாகி, நுனியில் இருந்து கருகிக்கொண்டு வருகிறது

பத்துப் பேரில் எட்டுப் பேரின் பிரச்சினை இதுதான் என்று துணிந்து சொல்வேன். எங்கள் வளவில் முதல் மூன்று வருடமும் இதுதான் நடந்தது. நான் பூஞ்சண நோய் என்று நினைத்தேன். ஓலையைக் கிள்ளிக்கொண்டு போய்க் காட்டிய இடத்திலும் ஏதோ தெளிமருந்து தந்தார்கள். குறை மண்ணுக்குள் இருந்தது.

நிழல் வேறு, ஈரம் வேறு. நிழலாக இருப்பதால் மண் ஈரமாக இருக்கும் என்று எங்கள் மனம் கணக்குப் போடுகிறது. மரத்தின் கீழ் உள்ள நிழல்தான் வளவிலேயே காய்ந்த இடமாக இருக்கக்கூடும். மழை கிளையிலேயே தங்கிவிடும், கீழே விழுந்ததை மரத்தின் வேர் உறிஞ்சிவிடும். இந்த நகரத்துத் தெருக்களில் எல்ம் மரங்கள் நோயில் செத்தபிறகு வரிசை வரிசையாக வைத்தது நோர்வே மேப்பிள். அதன் வேர்கள் மண்ணின் மேற்படையிலேயே பாய் பின்னியது போல இருக்கும். அதற்குக் கீழே பன்னம் நட்டால், இரண்டுக்கும் நடக்கிற போட்டியில் எது தோற்கும் என்று கேட்கத் தேவையில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றைச் செடியில் இருந்து ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்துங்கள். ஈர மண்ணில் கைப்பிடி வரைக்கும் இலகுவாக இறங்கும். பாதியில் நின்றால் மண் காய்ந்துவிட்டது. இறங்கி வேரில் முட்டி முட்டி நின்றால் மரம்தான் காரணம்.

தண்ணீர் விடுகிற முறையையும் மாற்ற வேண்டும். வேலையால் வந்து பின்னேரம் ஹோசைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஓலைக்குக் குளிப்பாட்டுவது மனதுக்கு இதம், வேருக்கு ஒன்றும் போய்ச் சேராது. கிழமைக்கு 2.5 சென்றிமீற்றர் தண்ணீர் மண்ணில் இறங்க வேண்டும், மழை தராததை நாங்கள் தர வேண்டும். ஸ்பிறிங்ளர் போடுகிறவர்கள் ஒரு வெறும் ரின்மீன் பேணியைச் செடிகளுக்கு நடுவில் வைத்து, அதில் அந்த அளவு நிறையும் வரைக்கும் விடுங்கள். கடும் வெப்ப அலை அடிக்கும் கிழமையில் இரண்டு தரம். ஹோசின் வாயை மெதுவாகத் திறந்து கட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஊறவிடுவது இன்னும் நல்லது.

எங்கள் வீட்டில் நிலைமையை மாற்றியது கூரைத்தண்ணீர். பீலியில் இருந்து இறங்கும் குழாய் நகரத்தின் நிலக்கீழ்க் குழாயோடு இணைந்திருக்கக்கூடாது என்பது ரொறொன்ரோ விதி. எப்படியும் துண்டித்து வெளியே விட வேண்டிய தண்ணீர்தானே என்று, அத்திவாரத்தில் இருந்து இரண்டு மீற்றர் தள்ளிப் பன்னப் பாத்திக்குள் திருப்பிவிட்டோம். ஒவ்வொரு மழைக்கும் ஒரு சிறு வெள்ளம் வந்து போகிறது. ஆற்றங்கரையில் நடப்பதும் அதுதானே. அடுத்த வருடம் ஓலை ஒரு முழம் கூடி வந்தது.

இலையுதிர் காலத்தில் மேப்பிள் சருகைப் பையில் கட்டித் தெருவோரம் வைக்காமல், புல்வெட்டும் மெஷினால் ஒரு தரம் அரைத்து 5 முதல் 7 சென்றிமீற்றர் கனத்தில் பாத்தியில் போடுங்கள். கட்டையின் தலையை மட்டும் மூடவேண்டாம். அது உக்கி மண்ணாகும், களிமண்ணும் மெல்ல மெல்ல இளகும்.

கருகல் ஒரு பக்கத்து ஓலையில் மட்டும், அதுவும் மேற்குப் பக்கம் பார்த்ததில் மட்டும் இருந்தால், அது பின்னேர வெயில். முதலில் வெளிறி, பிறகு கடதாசி போல உலரும். பக்கத்து வீட்டுக்காரர் மரம் தறித்த வருடம் எங்களுக்கு அப்படி வந்தது. காலை வெயில் இதற்குப் பாதகம் இல்லை, பிற்பகல் வெயில்தான் சுடும்.

ஆவணிக் கடைசியில் ஓலைகள் அழகிழந்து கபிலமாவது வேறு விசயம். அது செடியின் இயல்பு, வருடத்தின் வேலையை முடித்துவிட்டது. முதல் உறைபனியோடு எல்லாம் படுத்துவிடும். அதற்காக யாரும் மனம் வருந்த வேண்டாம்.

நடுவில் கபிலநிறமாக, விறைத்துக்கொண்டு சில தண்டுகள்

வெட்டி எறியாதீர்கள், அது செத்த ஓலை இல்லை. கோடை நடுவில் பச்சையாக எழும்பிப் பிறகு கபிலமாகிற வித்தி ஓலை. வித்தி என்பது விதைக்குப் பதிலாகப் பன்னம் உதிர்க்கும் தூள். பச்சை ஓலையின் பாதி உயரம்கூட இருக்காது. குளிர்காலம் முழுக்கப் பனிக்கு மேல் நேராக நின்று, வசந்தம் வரும்போது வித்திகளை உதிர்க்கும். வெட்டினாலும் செடிக்குக் கேடில்லை. ஆனால் ஜனவரியில் வெள்ளை வளவில் அது நிற்கிற அழகுக்காக நான் வைத்திருப்பேன். இது வந்தால் உங்கள் செடி நன்றாக வேரூன்றிவிட்டது என்று அர்த்தம். இளம் செடியில் வராது.

ஓலை மஞ்சளாக வெளிறிக்கிடக்கிறது

மண்ணைக் கையில் எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால், இந்தச் செடிக்குக்கூட அது அளவுக்கு மிஞ்சியது. ஈரம் பிடிக்கும் செடிதான், ஆனால் ஆற்றங்கரை வெள்ளம் வடிந்துபோகும், களிமண் குழி வடியாது. கட்டையைக் கிளப்பிக் கூட்டெரு கலந்து சற்று மேடாக்கி நடுங்கள்.

மண் சரியாக இருந்து வெளிறினால் வசந்தத்தில் இரண்டு விரற்கடை கூட்டெரு போதும். புல்லுக்குப் போடுகிற இரசாயனப் பசளையை இதற்குப் போட வேண்டாம், ஓரம் எரிந்துவிடும். கார்ப்பாதைக்குப் பக்கத்துப் பாத்தி என்றால் உப்பையும் சந்தேகியுங்கள். மாசி மாதத்தில் உப்புத் தூவிய பனியை அள்ளி எங்கே கொட்டுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சித்திரையில் அந்த மண்ணை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் தேறிவிடும்.

மூன்று வருடமாகியும் பரவவில்லை

முதலில் அது ஒஸ்ட்ரிச் பன்னம்தானா என்று பாருங்கள். பெயர்ச்சீட்டு மாறிய செடியை நானும் ஒருதரம் வாங்கியிருக்கிறேன். லேடி ஃபேர்ன் என்பது பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ஒரே கும்பமாக நிற்கும், ஓடாது. ஒஸ்ட்ரிச் பன்னத்தின் ஓலை அடியில் ஒடுங்கி, நடுவுக்கு மேலே அகன்று, நுனியில் சட்டென்று முடியும். ஓலைக்காம்பின் உட்பக்கத்தில் செலறித் தண்டில் இருப்பதுபோல ஆழமான பள்ளம் இருக்கும். பள்ளம் இல்லாவிட்டால் வேறு செடி.

செடி சரி என்றால் அதற்குத் தண்ணீரும் இளகிய மண்ணும் போதாமல் இருக்கிறது. பரவுவது நிலக்கீழ் ஓடிகளால், அதாவது மண்ணுக்கடியில் படர்ந்து போகும் தண்டுகளால். இறுகிய களிமண்ணிலும் மேப்பிள் வேர்ப்பாயிலும் ஓடிக்கு வழி இல்லை. சுற்றிவர அலவாங்கால் குத்தி இளக்கி, சருகு மண்ணை நிரப்பிவிடுங்கள். பிறகு இரண்டு கோடை பொறுங்கள். 60 முதல் 90 சென்றிமீற்றர் இடைவெளியில் ஐந்து செடி நட்டால், இடம் பிடித்துக்கொண்ட பிறகு அந்த இடைவெளிகளை அவையே நிரப்பிவிடும்.

இப்போது நிறுத்த முடியவில்லை, புல்லுக்குள்ளும் வேலிக்கு அப்பாலும் வருகிறது

இதை எதிர்பார்த்தே நட வேண்டும். தாய்க்கட்டையில் இருந்து ஓடி ஒன்று கிளம்பி, ஒரு முழமோ அதற்கு மேலோ தள்ளிப் புதுக்கட்டை ஒன்றை எழுப்பும், அடுத்த வருடம் அதிலிருந்து இன்னொன்று. சிறிய காட்டுப்பூச் செடிகளுக்குப் பக்கத்தில் இதை நடக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். எங்கள் வளவில் ட்ரில்லியம் இரண்டு இப்படி இதன் நிழலில் மறைந்துபோயின. ட்ரில்லியம் ஒன்ராறியோவின் மாகாணப் பூ. விதையில் இருந்து பூக்க ஏழு வருடத்துக்கு மேலும் எடுக்கும். அந்த இரண்டையும் இழந்தது எனக்கு இன்னும் கவலைதான்.

புல்லுக்குள் வந்தவற்றுக்குப் புல்வெட்டும் மெஷின் போதும், வெட்ட வெட்ட அந்த ஓடி களைத்துவிடும். பாத்திக்குள் வந்தவற்றை வைகாசித் தொடக்கத்தில் எடுங்கள். சுருள் எழும்பும் நேரம் எது எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும், மண்ணும் ஈரமாக இருக்கும். கூரான மண்வெட்டியைத் தாய்க்கட்டைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நேராக இறக்கி ஓடியை அறுத்து, பிள்ளையை வேரோடு கிளப்புங்கள். வருடத்தில் ஒரு சனிக்கிழமை காலை வேலை. வேலியோரமாக 30 சென்றிமீற்றர் ஆழத்தில் தடித்த பிளாஸ்ரிக் தகடு புதைத்தால் ஓடிகளில் பெரும்பாலானவை திரும்பிவிடும். தகட்டின் விளிம்பு மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மேலால் ஏறிப் போகும்.

களைகொல்லி பற்றிக் கேட்கிறார்கள். வீட்டு வளவில் அழகுக்காகக் களைகொல்லி அடிப்பதை ஒன்ராறியோ 2009 சித்திரையில் இருந்து தடைசெய்திருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் இதற்கு அடிக்க எனக்கு மனம் வராது. கிளப்பிய பிள்ளைகளை ஈரக் கடதாசியில் சுற்றிப் பையில் போட்டால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நான் கோயிலுக்குப் போகும்போது காரில் கொண்டுபோய்க் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். பக்கத்து நகரங்களான மார்க்கத்திலும் பிரம்ரனிலும் இப்போது எங்கள் கட்டையின் பிள்ளைகள் நிற்கின்றன.

கூட்டத்தின் நடு வெறுமையாகிறது

பழைய கட்டை வருடா வருடம் மண்ணுக்கு மேல் உயர்ந்து, வேர் வெளியே தெரிந்து, குளிருக்கும் வரட்சிக்கும் ஆளாகும். சுற்றிவரப் பிள்ளைகள் கொழுக்க, நடுவில் தாய் மெலியும். சுருள் விரியுமுன் அதைக் கிளப்பி எறிந்துவிட்டு, அந்தக் குழியில் கூட்டெரு போட்டு ஓரத்தில் இருந்து இளம் கட்டை ஒன்றை வையுங்கள். மேலே மண் அணைத்து மூடுவது தற்காலிகம்தான்.

ஓலை கிழிந்து, முறிந்து, கடித்ததுபோல

முயலும் மானும் இதைப் பெரிதாகத் தேடுவதில்லை. ஓட்டை ஓட்டையாக இருந்து காலையில் வெள்ளிக்கோடு தெரிந்தால் ஓடில்லா நத்தை. கட்டையின் மேலே ஈரச்சருகு குவிந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். முறிவு என்றால் காற்று. இரண்டு வீட்டுக்கு நடுவிலான ஒடுங்கிய பாதையில் காற்றுச் சுழித்து அடிக்கும். உயரமான ஓலை அதைத் தாங்காது.

சுருளைப் பறித்துச் சமைத்தோம், அடுத்த வருடம் செடி மெலிந்துவிட்டது

ஃபிடில்ஹெட் என்று வைகாசியில் கடையில் விற்பது இந்தச் செடியின் விரியாத சுருள்தான். வீட்டில் செடி இருந்தால் பறிக்கத் தோன்றும். முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள்: ஒரு கட்டையில் அந்த வருடத்துக்கு இருக்கிறதே ஏழெட்டு ஓலை. ஐந்தைப் பறித்தால் மீதி இரண்டு மூன்றால் அடுத்த வருடத்து மொட்டுக்குச் சாப்பாடு தேட முடியாது. வேரூன்றி நாலைந்து வருடமான கட்டையில் இரண்டு சுருள், அதற்கு மேல் வேண்டாம். மெலிந்த கட்டையை மூன்று வருடம் தொடாமல் விடுங்கள். ரூஜ் தேசிய நகரப் பூங்காவிலோ நகரப் பூங்காக்களிலோ போய்ப் பறிப்பது சட்டப்படி குற்றம்.

சமைப்பதிலும் கவனம் வேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் சில மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் வரக்கூடும். கபிலநிறச் செதிலை உரசி எடுத்து, பல தரம் கழுவி, கொதிதண்ணீரில் 15 நிமிடம் அவிய விடுங்கள், அல்லது 10 முதல் 12 நிமிடம் நீராவியில். கனடிய சுகாதாரத் திணைக்களம் சொல்லும் அளவு இது. அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், குழம்புக்கு எடுக்கக்கூடாது. அதன்பிறகு தேங்காய்ப்பூ, வெங்காயம், செத்தல் மிளகாய் போட்டு வறை செய்தால் பயற்றங்காய் வறைக்குக் கிட்ட வரும். காம்பில் பள்ளம் இல்லாத, மயிர் மூடிய சுருள் எதையும் வாயில் வைக்காதீர்கள். அது பிறாக்கன் என்ற வேறு பன்னமாக இருக்கலாம், அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

எங்கள் வளவில் இந்த வருடம் நான் ஒன்றும் பறிக்கவில்லை. போன ஆடியில் மூன்று கிழமை ஊரில் இல்லை, தண்ணீர் விட ஆள் இல்லை. வைகாசியில் எண்ணிப் பார்த்தேன், கட்டைக்கு நாலு ஐந்து சுருள்தான்.